பதிவேட்டில் உன் உண்மைப் பெயர்

மச்சான்,

பரணை ஒழித்தபோது என் பிரவுசிங் சென்டரின் பழைய பதிவேடு கிடைத்தது. கடை மூடி எத்தனையோ வருஷமாகியும் அட்டையில் அந்த ஊதுபத்தி வாசனை போகவில்லை. புரட்டினேன். உன் கையெழுத்து. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஆறு கம்ப்யூட்டர். சனிக்கிழமைதோறும் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வருவாய். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறதென்று ஆறிலும் எழுத்துரு ஏற்றியவனே நீதான். மூன்றாம் மெஷினில் உட்கார்ந்து புனைபெயரில் வலைப்பதிவு எழுதினாய். உங்கள் கரையில் படகு ஏற்றும் இடத்தை வளைத்து ஒரு ரிசார்ட் சுவர் எழுப்பிய கதை.

"டொரண்டோலேர்ந்து ஒருத்தர் கமெண்ட் போட்டுகீறாரு மச்சான்! நம்ம ஊரு செவுரு கனடா வரைக்கும் தெரியுது!" என்று நீ கத்தியதில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அப்புறம்தான் பிரவுசிங் சென்டர்களுக்குப் போலீஸ் உத்தரவு வந்தது. வருகிறவர்களின் பெயர், முகவரி, வந்த நேரம், நோக்கம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். யார் உண்மையை எழுதினார்கள்? பாதிப் பேர் நடிகர் பெயர். ஒருவர் மாமனார் பெயரை எழுதிவிட்டுப் போனார். நீ மட்டும் தெரு, அப்பா பெயர் வரை எழுதினாய்.

"லூசு, சும்மா எதுனா எழுதேன்டா" என்றேன்.

"உன் கடைடா. என்னால நீ பேஜாரு ஆவக் கூடாது."

ஒருநாள் ரிசார்ட் ஆட்கள் இருவர் வந்தார்கள். உன் வலைப்பதிவு எந்தக் கடையிலிருந்து ஏறியது என்று எப்படியோ பிடித்துவிட்டார்கள். ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் நேரமும் இருந்தது. "நோட்ட காட்றியா, கடைய மூட்றியா?"

ஒரே ஒரு பக்கம். கிழித்து வாயில் போட்டு மென்றிருக்கலாம். பாவி நான், விரித்து நீட்டினேன். உன் வரியில் விரலை வைத்தும் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை உதடு வீங்கி வந்தாய். அப்போதும் அதே உண்மைப் பெயர். நோக்கம் என்ற கட்டத்தில் 'அழிக்க' என்று எழுதினாய். இரண்டு வருஷப் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தாய். நகல் எங்கும் இல்லை. "நெட்ல கீறது எங்க மச்சான் போவும்?" என்று ஒரு ஃப்ளாப்பிகூட வாங்காதவன் நீ.

எழுந்து போகும்போது கேட்டாய்: "கடைக்கு ஒண்ணும் ஆவலியே?"

இல்லை என்று தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அதன்பின் நீ வரவில்லை. சில வருஷம் கழித்து, மஞ்சள் காமாலையில் போய்விட்டாய் என்று சேதிதான் வந்தது. சாவுக்கு வர எனக்கு முகம் இல்லை.

பதிவேடு கிடைத்த மறுநாள் உங்கள் ஊருக்குப் போனேன். சுவர் இன்னும் நீண்டிருக்கிறது. படகுகள் ஒரு மூலையில் நெருக்கியடித்துக் கிடந்தன. திரும்பும் பஸ்ஸில் போனை எடுத்து அதைப் பற்றி நாலு வரி எழுதினேன், என் சொந்தப் பெயரில். உன் பெயரும் அதில் இருந்தது. திருக்கழுக்குன்றம் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மிரட்ட யாரும் வரவில்லை, மச்சான். மூட என்னிடம் கடையும் இல்லை.

நானே அழித்துவிட்டேன்.