பம்பில் ஒன்றரைச் சுற்று

முரசுமோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் கிருசாந்திக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் சுகிர்தனும் சின்னவளும் ஜேர்மனியில் எப்படி இருக்கிறீர்கள் என்பதை நான் இப்போது அம்மாவிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஐந்து கிழமையாக நீ என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பது நான், சுகமா அப்பா, அம்மாட்டைக் குடுங்கோ என்பது நீ, அதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன். கடித உறை வாங்கப் போனால் தபால் கந்தோரில் இருக்கும் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது, இந்தக் காலத்திலும் வெளிநாட்டுக்குக் கடிதமா என்று. ரெலிபோன் என்றால் பட்டென்று வைத்துவிடுவாய், கடிதம் என்றால் கிழிப்பதற்காவது முதலில் கையில் எடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு நான் விளங்கப்படுத்திக்கொண்டா நிற்பது.

உன் காரின் விஷயம் எனக்கு விளங்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். எல்லாம் விளங்கியது. புகை குறைந்த டீசல் கார் என்று விளம்பரத்தில் சொன்னதை நம்பி வாங்கினாய், அந்தக் கொம்பனி காருக்குள் இருக்கும் கொம்பியூட்டரில் ஒரு கள்ள வேலை செய்து வைத்திருந்தது, புகைப் பரிசோதனை நடக்கிறது என்று காருக்கே தெரிந்து அந்த நேரம் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும், றோட்டுக்கு இறங்கினால் நஞ்சைக் கக்கும், அவ்வளவுதானே. ஆனால் அதற்காக நீ செய்கிற கூத்துத்தான் எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர் தன் காரின் பின்கண்ணாடியில் நானும் ஏமாந்தேன் என்று எழுதி ஒட்டிக்கொண்டு ஓடுகிறாராம், நல்லது, ஓடுகிறார் அல்லவா. மருமகன், ஓடுகிற கார்தானே, பிறகென்ன என்கிறாராம். நீயோ காரை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு சின்னவளையும் இழுத்துக்கொண்டு பனிக்குள் ரெயினில் போகிறாய். வாங்கின மற்றச் சனத்தோடு சேர்ந்து கார் விற்ற அந்தக் கடை வாசலில் எழுதின மட்டையைப் பிடித்துக்கொண்டு அரை நாள் நின்றாய். விற்றவனுக்கு ஒன்றும் நோகவில்லை, வாங்கின உனக்குப் பத்து நாள் தடிமனும் இருமலும். அம்மா இங்கே கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். கொம்பனிமேல் போட்ட வழக்கில் பெயர் கொடுத்தது சரி, பனிக்குள் நிற்பதென்றால் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் நின்றால் என்ன.

ஐந்து கிழமைக்கு முன்பு ரெலிபோனில் நீ இதை அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன்னைச் சிரிக்க வைக்கத்தான் நான் அந்தக் கதையைச் சொன்னேன். இதற்குக் கொம்பியூட்டர் எதற்குப் பிள்ளை, எங்களுக்குப் பரந்தன் கராஜ் சிவராசாவின் ஒரு ஸ்பானர் சாவி போதும் என்றேன். வருசா வருசம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும் முன்பு சிவராசா என் வானின் டீசல் பம்பில் உள்ள ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றுக் குறைப்பான், எஞ்சினுக்குப் போகிற டீசல் குறையும், புகையும் அடங்கிவிடும், பத்திரம் கிடைக்கும், பின்னேரம் போனால் அதே ஒன்றரைச் சுற்றைத் திருப்பிக் கூட்டிவிடுவான், வான் பழையபடி இழுக்கும். இங்கே வான் வைத்திருக்கிற எல்லாரும் செய்வதுதான், இதை ஒரு களவு என்று யாரும் நினைத்ததே இல்லை. நான் சொல்லிவிட்டுச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பிறகு, "அப்பா, உங்கட வானிலை பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லோ போகினம்" என்றாய். அதோடு அம்மாவைக் கேட்டாய்.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. மூன்று நாள் வீட்டில் ஏசித் தீர்த்தேன். ஒன்பது வருசமாக அந்த வானை ஓடுகிறேன், ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை, வெள்ளம் வந்த வருசம் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக் கரை சேர்த்தேன், நீ கம்பஸ் படித்ததும் அந்த வானின் உழைப்பில்தான். என்னைக் கொண்டுபோய் அந்தக் கொம்பனிக்காரனோடு ஒரே வாங்குப் பலகையில் இருத்திவிட்டாயே. அம்மா தன்பாட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, வரிப்பத்திரம் முடிகிற நாள் வந்தது. உன்மேல் இருந்த கோபத்திலேயே விடியச் சிவராசாவிடம் போய் ஸ்குரூவைக் குறைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போனேன். பத்திரம் கையில் கிடைத்தது. பின்னேரம் திரும்பக் கூட்டுவதற்குப் போனால் கராஜ் பூட்டு. முள்ளியவளையில் தங்கையின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு என்று ஆள் போய்விட்டான். ரெலிபோன் எடுத்தால், நான் தாய்மாமன் அண்ணை, தண்ணி வாக்கிற இடத்திலை என்னை விட்டா வேறை ஆர் நிக்கிறது, ஒரு கிழமை பொறுங்கோ என்கிறான். தாய்மாமனை யார் என்ன சொல்ல முடியும். நானே திருப்பிப் பார்ப்போம் என்று குனிந்தேன், பம்பை உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில் நிமிர்ந்துவிட்டேன். அடுத்த நாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் பாலத்து ஏற்றத்துக்கு வந்தால் வான் மூச்சு விடாமல் நின்றுவிட்டது. பெரிய வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் இறக்கி நடக்கவிட்டு மேலே போய் ஏற்றினேன். மயில் மாமாவின் வானுக்குக் காய்ச்சல் என்று என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு. எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். கௌசலா ரீச்சரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர், யாழ்ப்பாணத்து ஆள், இங்கே வாடகைக்கு இருந்துகொண்டு கிளிநொச்சியில் படிப்பிக்கிறார், இரண்டு வருசமாகப் பிள்ளைகளோடு என் வானில்தான் போகிறார். ஏறினதும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினால் இறங்கும் வரைக்கும் எடுக்கமாட்டார். எங்கள் வன்னிக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும், சரியான பெருமைக்காரி என்று நானாக முடிவு கட்டி, வேண்டுமென்றே எப்போதும் கடைசி ஆசனத்தைத்தான் அவருக்கு விடுவேன். ஸ்குரூ குறைத்த மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்க்கிறேன், தலைப்புத் தோளில் கிடக்கிறது. இரண்டு வருசத்தில் அன்றைக்குத்தான் அவருடைய முழு முகத்தையும் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கினவர் போகாமல் என் பக்கத்துக்கு வந்தார். "அண்ணை, வானுக்கு என்ன செய்தனீங்கள்? பின்னுக்குப் புகையே வரேல்லை. எனக்கு முட்டு வருத்தம், புகை பட்டா மூச்சு இழுக்கும், சொன்னா உங்களுக்கு மனவருத்தமாப் போடும் எண்டு இருந்தனான்" என்றார். பின்சீற்றில் சின்னதுகள் தூங்கி விழுவதும் இப்போது இல்லை என்றார். அந்தத் தூக்கத்துக்காக எத்தனை தாய்மாரை நான் ஏசியிருக்கிறேன், பிள்ளையை நேரத்துக்குப் படுக்க வைக்கத் தெரியாதா என்று.

என்ன செய்தேன் என்று கேட்டால் நான் என்ன சொல்ல. பரிசோதனைக்காரரை ஏய்க்கத்தான் செய்தேன், சாமத்தியவீடு முடிந்ததும் உங்களுக்குப் பழையபடி புகை வரும் என்றா. ஒன்றும் செய்யவில்லை ரீச்சர் என்றேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். வெட்கமாக இருந்தது பிள்ளை.

சனிக்கிழமை சிவராசா பலகாரப் பெட்டியோடு தானே வீட்டுக்கு வந்தான். சாவியை எடுத்துக்கொண்டு குனிந்தவனை, விடு, அப்படியே கிடக்கட்டும் என்றேன். பாலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டான், எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. ஆறரைக்கு எடுக்கிற வானை ஆறு மணிக்கே எடுக்க வேண்டியிருக்கிறது, அம்மா விடியற்காலையில் எழும்பிக் குசினியில் கேத்திலைப் போட்டு இடிக்கிறார், பிள்ளைகள் பாலத்தில் இறங்கி நடக்கிறார்கள், இராசமலர் தன் மகனை வேறு வானில் விடப்போவதாகச் சந்தியில் நின்று சொல்கிறாளாம். விடட்டும். ரீச்சரிடமும் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இரண்டு வருசப் புகையையும் கடைசி ஆசனத்தையும் சேர்த்து. அவர் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். இன்று காலை சந்தியில் நிற்கமாட்டார் என்றுதான் நினைத்தேன், நின்றார், முன் ஆசனத்தில் ஏறி இருந்தார், ஆனால் என்னோடு கதைக்கவில்லை. இப்போது என்னோடு கதைக்காதவர்கள் இரண்டு பேர்.

உன் காரை, வாங்குகிறவருக்கு விஷயத்தைச் சொல்லாமல் விற்றுத் தள்ளிவிடுவோம் என்று மருமகன் சொல்கிறாராம், அதற்கு மட்டும் விடாதே. அதற்காக அவரோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம், பொறுமையாகச் சொல்லு. வழக்கையும் கைவிடாதே. அந்தக் கொம்பனி உனக்கு நாலு பக்கத்தில் கடிதம் அனுப்பியதாகவும் பிழை எங்களுடையது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை என்றும் அம்மா சொன்னார். எனக்கும் இது நாலாம் பக்கம். பிழை என்னுடையது பிள்ளை. நீ கேட்டபோது கோபம் வந்ததே தவிரப் பதில் வரவில்லை, அது இருந்தால்தானே வரும்.

சின்னவளுக்கு என் முத்தம், அவளைப் பனிக்குள் இறக்கும்போது காதை மூடிவிடு. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நல்லாய் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை நினைத்து முடிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனை நான் எடுக்கமாட்டேன், அம்மாவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் கொடுங்கள் என்று நீ கேட்டால் தருவார். கேட்காவிட்டாலும் நான் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மயில்வாகனம்