கண்ணாடி அலமாரியின் சாவி

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒரு விஷயத்தைத் திருத்திவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். எனக்கு மறதி வரவில்லை. போன வாரம் தொலைபேசியில் நீ பேச்சோடு பேச்சாக, இன்றைக்கு என்ன கிழமை அம்மா என்று கேட்டாய். நீ எதற்குக் கேட்கிறாய் என்பது எனக்கு உடனே புரிந்தது. உன் அத்தை உனக்குச் சொல்லியிருப்பாள், அண்ணி சாவியைத் தொலைத்துவிட்டு முழிக்கிறாள், உடம்பும் பாதியாகிவிட்டது, ஏதோ நோய் போலிருக்கிறது என்று. உடம்பு இளைத்தது உண்மை. நானே இளைக்க வைத்தேன். சாவி தொலையவில்லை. அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை அத்தையிடம் சொல்லத்தான் முதலில் மனம் வரவில்லை.

உன்னிடமும் சொல்லாத செய்தி இது. கோபித்துக்கொள்ளாதே. வலது முழங்காலை மாற்றிவிட்டால் பழையபடி நடக்கலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஆனால் இந்த எடையோடு கத்தி வைக்க மாட்டேன், பத்துக் கிலோ குறைத்துவிட்டு வாங்கம்மா, அப்புறம் முட்டியைப் பத்திப் பேசலாம் என்றார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை. வாயைக் கட்டினேன், குறைத்தேன். பண்டிகை விடுமுறைக்கு முன்னால் போய் நின்றபோது அவர் சிரித்துக்கொண்டே, இதுதான் கஷ்டமான கட்டம், இனிமே குறைக்க வேணாம், கூடாமப் பாத்துக்குங்க போதும், விடுமுறை முடிஞ்சு இதே எடையில வந்தா தேதி தர்றேன் என்றார். முடியாமல் போனால் யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

விடுமுறை வந்தால் நம் வீடு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அப்பா அச்சகத்தை விட்டு, உலகத்தையே விட்டுப் போன பிறகும் அங்கே வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு வருகிறார்கள். கேக், சாக்லேட், பாலில் செய்தது, கொட்டை தூவியது, எல்லாம். என் சிக்கல் ஆசை அல்ல மகளே. தட்டில் வைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியும். எடுத்து வைக்கும்போதுதான் தோற்றுப் போகிறேன். பெட்டியில் ஒன்று முனை உடைந்து கிடந்தால் வரிசை கெடுகிறது என்று அதை வாயில் போடுவேன். யாராவது கேக்கைக் கோணலாக வெட்டிவிட்டுப் போனால் கத்தியை எடுத்து நேராக்குவேன். சீவிய துண்டு எங்கே போகும்? குப்பையில் போடும்படி கான்வென்ட் விடுதி சிஸ்டர்கள் என்னை வளர்க்கவில்லை. இப்படி ஒழுங்குபடுத்தியே ஒவ்வொரு வருடமும் பெருத்திருக்கிறேன். அதனால் இந்த முறை வந்த பெட்டிகளை எல்லாம் கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பூட்டி, சாவியைக் கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்து, விருந்தாளி வந்தால் மேலே வந்து நீங்களே திறந்து நீங்களே எடுத்து வையுங்கள், நான் கெஞ்சினாலும் என் கையில் தராதீர்கள் என்றேன். அவளும் என் தலைமேல் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டாள். மறுநாளே அவள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து, அவள் சாவியைக் கைப்பையில் போட்டபடியே வெளியூர் போய்விட்டாள்.

அன்று மாலை உன் அத்தை பேத்திகளோடு வந்தாள். இரண்டும் அலமாரிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றன. நான் ஆரஞ்சை உரித்து, சுளைகளை வட்டமாக அடுக்கி, தேநீரோடு வைத்தேன். உன் அத்தை ஆரஞ்சைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், என்ன அண்ணி, இது வீடா மியூசியமா, டிக்கெட் எடுத்தாத்தான் திறப்பீங்களா என்றாள். சாவி இல்லை என்றேன். ஒரு ஊசி காணோம்னாலே ஊரைக் கூட்டுவீங்க, சாவி இல்லன்னு இப்படிச் சாவகாசமா சொல்றீங்களே என்று என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். சின்னது போகும்போது என் காதில், பாட்டி, நீங்க கஞ்சமா என்று கேட்டது. அதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் உன் அத்தை ஒரு பூட்டுக்காரரோடு நிற்கிறாள். அண்ணி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், புதுச் சாவி போட்டு ஒண்ணை நான் வச்சுக்கிறேன் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். பூட்டுக்காரர் பையைப் பிரித்துக் கம்பியை எடுத்துவிட்டார். அந்த அலமாரி திறந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். திறக்கக் கூடாது என்று சத்தம் போட்டேன். பிறகு வேறு வழியில்லாமல் அவளை உட்கார வைத்து டாக்டர், முட்டி, எடை, தையல்காரம்மா எல்லாவற்றையும் சொன்னேன். அவளோ, என்கிட்ட சொல்லியிருந்தா நானே பூட்டிச் சாவிய முழுங்கியிருப்பேனே அண்ணி, என்ன வீம்பு உங்களுக்கு என்று ஆரம்பித்தாள் பார், மூச்சு விடாமல் திட்டினாள். வந்தவரை வீணாக அனுப்ப வேண்டாம் என்று குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்யச் சொன்னோம்.

அதன்பின் தினமும் மாலையில் வந்து என்னைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனாள். நடக்கும்போதே கைப்பையிலிருந்து சாக்லேட்டை எடுத்துத் தின்பாள். முறைத்தால், எனக்கு எந்த டாக்டரும் தேதி குறிக்கலியே என்பாள். அவள் வராத ஒரு நாள், பக்கத்து வீட்டில் கொடுத்த பிஸ்கட்டில் இரண்டு சாப்பிட்டேன். உட்கார்ந்து, தட்டில் வைத்து, ருசித்துச் சாப்பிட்டேன். அதில் வருத்தமில்லை.

நேற்று மருத்துவமனைக்குப் போனோம். செருப்பு, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் கழற்றிவிட்டு ஏறினேன். கண்ணாடி இல்லாததால் எண் எனக்குத் தெரியவில்லை. உன் அத்தைதான் குனிந்து பார்த்து, அப்படியே இருக்கு அண்ணி, ஒரு இம்மி ஏறல என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினாள். டாக்டர் அடுத்த மாதம் இருபதாம் தேதி என்று எழுதிக் கொடுத்தார். இன்று காலை தையல்காரம்மா திரும்பி வந்து, கைப்பையில் கிடந்த சாவியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அத்தையின் பேத்திகளைக் கூப்பிட்டு நன்றாக இருந்த பெட்டிகளை எல்லாம் கொடுத்தாயிற்று. கெட்டதை எறிந்தோம். அதையும் பார்த்துக்கொண்டு சும்மாத்தான் இருந்தேன்.

நீ மேசையில் உட்கார்ந்து சாப்பிடு, கணினியின் முன்னால் வேண்டாம். மாப்பிள்ளையின் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? அறுவைக்குப் பிறகு உன் அத்தை வந்து தங்குகிறேன் என்கிறாள், சரி என்று சொல்லிவிட்டேன். அதனால் நீ வரவேண்டிய அவசியமில்லை என்று எழுதலாம் என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அப்படி எழுத மாட்டேன். கண் விழிக்கும்போது நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீண்ட நாள் வாழ என் ஆசிகள். லீவு கிடைக்குமா, கிடைக்காதா, எதுவானாலும் தொலைபேசியில் சொல்லாதே. தொலைபேசியில் நான் பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். கடிதமாக எழுதிப் போடு.

உன்
அம்மா