வால்வுக்கு வைத்த பொட்டு

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

பாட்டுக் கேட்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பற்றி மாதக்கணக்கில் படித்தவள் நான். முதலில் வாங்கியது பக்கத்து வீட்டு ருக்மணி. வாங்கியதோடு விட்டாளா? பூஜை போட்டு, பல்பு மாதிரி நிற்கும் கண்ணாடி வால்வுகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பி, தெருவையே அழைத்துவிட்டாள்.

வால்வு கொதிக்கும். கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும். வெடிக்கட்டும் என்று முதலில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவள் கை சுவிட்சுக்குப் போனதும் பொறுக்கவில்லை.

"ருக்மணி, அந்தப் பொட்டையெல்லாம் துடைச்சிடு."

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. கணவனை இழந்தவள் நல்ல காரியத்தில் சொல்லும் பேச்சா அது!

"ஏனுங்க்கா, வெச்ச பொட்டப் போயி..." அவள் முகம் சுருங்கிவிட்டது.

"சூட்டுல கண்ணாடி விரிசல் விட்டுரும்."

அவள் கணவர் சிரித்தார். "அக்கா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று தோள் துண்டாலேயே துடைத்தார்.

வால்வுகள் மெல்லச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. வீணை இசை எழுந்தது. நான் படித்ததைவிட நன்றாகவே இருந்தது, அதுதான் எரிச்சல். உடனே ருக்மணி அவர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றாள்.

நாளைக்கே நானும் ஒன்று வாங்கிவிடலாம். அப்படித் திரும்பிக் கேட்டால், என் பக்கத்தில் நாற்காலிதான் இருக்கும்.