அப்பா போட்ட முடிச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் இருமலும் தேவலையா? பார்சல் ஆபீசில் இனியாவது மூட்டை தூக்காமல், கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். அதற்குமுன் ஒரு சின்னக் கூத்து. பயப்படாமல் படியுங்கள். அலுவலகம் திறக்க நேரமிருந்ததால், கடற்கரையில் பையை வைத்துவிட்டுக் கிளிஞ்சல் பொறுக்கப் போனேன். அப்போது தண்ணீர் எங்கோ தூரத்தில் கிடந்தது. திரும்பிப் பார்த்தால் என் பை மிதக்கிறது! இங்கே கடல் அவ்வளவு தூரம் ஏறிவரும் என்று யார் கண்டது? முழங்காலளவு நீரில் (முழங்கால்தான், சத்தியமாக) இறங்கி இழுத்துவந்தேன்.

சான்றிதழ்களுக்கு நீங்கள் மூன்று பாலித்தீன் உறை போட்டு, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியபோது, "இது என்ன வெங்காய மூட்டையாப்பா?" என்று கத்தினேனே? அலுவலகத்து அம்மா அந்த முடிச்சோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, "யாரும்மா இதைக் கட்டினது?" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"எங்கப்பா. வெட்டாதீங்க, நானே அவுக்குறேன்."

உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

முடிந்தால் என் பழைய போர்வையும் ஒரு சீப்பும் அனுப்புங்கள். அவசரமில்லை. ஆனால் நீங்களே கட்டுங்கள். முடிச்சு நிறையவே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவிழ்ப்பேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்