இரண்டாம் ஆண்டு நட்டம்

அண்ணி,

இன்று கடையில் பில் எழுதிக் கொடுத்தவரின் கார்பன் தாளின் மை என் விரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எரிச்சல் வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும்!

அறுபதுகளின் கடைசி அது. அண்ணன் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் நின்ற நேரம். ஓசூர் வீட்டுப் பின்கட்டில் மாம்பழ ஜாம் போட்டு விற்கலாம் என்றீர்கள். சிறுதொழிலுக்கு அரசாங்கம் மானியம் தருவதாகக் கேள்விப்பட்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினோம். மூன்று ஆண்டுக்கான உத்தேச வரவு செலவு கேட்டார்கள், கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகளில். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் என்பதால் எழுதும் வேலை எனக்கு.

முதல் தடவை, பாட்டில் விலைக்கு அத்தாட்சி இல்லை என்று திருப்பினார்கள். பெங்களூர் வியாபாரியிடம் விலை எழுதி வாங்கிக்கொண்டு போனோம். கன்னடத்தில் இருக்கிறது, இங்கிலீஷில் கொண்டுவா என்றார்கள். அதையும் செய்தோம். மூன்றாம் தடவை குமாஸ்தா இரண்டாம் ஆண்டுக் கணக்கில் விரலை வைத்தார்.

"நட்டம்னு நீங்களே எழுதிக் குடுத்தா மேல யாரும்மா கையெழுத்துப் போடுவாங்க?"

"மா ஒரு வருசம் காய்ச்சா மறு வருசம் காய்க்காதுங்க. காய் வெலை ஏறிப்போயிடும்" என்றீர்கள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வருசா வருசம் லாபம் ஏறணும்."

வீட்டுக்கு வந்து அந்த நட்டத்தை நானே லாபமாக ஏற்றி எழுதினேன். உங்களிடம் காட்டவில்லை. "பழசுதான், சுத்தமா எழுதியிருக்கேன். நேரா அதிகாரிகிட்டயே குடுத்துப் பாக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

அதிகாரி அதை வாசித்து, "ரெண்டாவது வருசமே நல்ல லாபம் போலிருக்கே" என்றார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"இல்லீங்க சார். அது தப்பு. அந்த வருசம் நட்டம்தான்."

அவர் தாள்களை மூடி வைத்துவிட்டார். பஸ்ஸில் நான் வெடித்தேன். "சும்மா இருந்திருந்தா கெடைச்சிருக்கும் அண்ணி!"

"கெடைச்சிருக்கும். மறு வருசம் காயில்லாம நின்னா யாரு பதில் சொல்றது? கையெழுத்து என்னுதாச்சே."

அதற்குமேல் நீங்கள் என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் கழித்து, "மா இல்லாத வருசம் தக்காளி சாஸ் போடலாமே" என்று நீங்களே வழி கண்டுபிடித்தீர்கள். புதிதாக எழுதிக்கொண்டு ஓடினோம். இந்த ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்றார் அதே குமாஸ்தா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

நீங்கள் கன்னியர் மடத்து விடுதியில் சமையலுக்குப் போனீர்கள். பிள்ளைகள் அந்தச் சம்பளத்தில்தான் வளர்ந்தார்கள். மறு வருடம் மா காய்க்கவில்லை. நீங்கள் சொன்னபடியே நடந்தது என்பதில்கூட எனக்கு ஆறுதல் வரவில்லை.

உங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதற்கு நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை அண்ணி. கேட்க வாயெடுக்கும்போதெல்லாம், விடுதி அடுப்பில் வெந்த உங்கள் கைகள் கண்ணில் படும். ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா என்ற கோபம் முந்திக்கொள்ளும். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அந்தக் கோபம் தீரவில்லை. கேட்காத மன்னிப்பும் அதன் பக்கத்திலேயே கிடக்கிறது.