மதிலுக்கு மேலால் போன வயர்

முதல் வரியை அடித்து முடித்தேன். திரை அசையவில்லை. விரல்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டன, எழுத்துகளைக் காணவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன, பூட்டியிருந்த கதவைத் திறந்ததும் உள்ளே ஓடி வருகிறவர்களைப் போல. நீ போனதிலிருந்து இந்தக் கணினி இப்படித்தான்.

ஜன்னலுக்குச் சேலையை இரண்டாக மடித்துக் கட்டியிருக்கிறேன். துறைமுகப் பக்கத்துத் தேடுவிளக்கு கூரையைத் தடவிப் போகும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். போன கிழமை வெளிச்சம் தெரிந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டு அண்ணா இன்னும் திரும்பவில்லை. "இனியொருக்கா ராவில இந்த வெளிச்சத்தைக் கண்டனெண்டா, பெட்டியைத் தூக்கிக் கிணத்துக்க போடுவன்" என்று அம்மா சொல்லிவிட்டா. அவ செய்வா. பெட்டி போனால் அதற்குள் இருக்கும் உன் கோப்புகளும் போய்விடும்.

நினைவிருக்கிறதா, உன் அப்பா தான் வேலை செய்த கந்தோரில் கழித்த இரண்டு கணினிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது? ஒன்று உங்கள் வீட்டுக்கு, ஒன்று பக்கத்து வீட்டில் எங்களுக்கு. விண்டோஸ் இழுக்காது என்று இரண்டிலும் லினக்ஸ் போட்டுத் தந்தார். ஊரடங்கு போட்டால் நாம் மதிலருகே நின்று கதைக்கவும் விடமாட்டார்கள். அதனால் மதிலுக்கு மேலால் ஒரு வயரை இழுத்தோம். பள்ளிக்கூடம் நடக்காத நாட்களில் நீ ஒரு வரி எழுதுவாய், அதைத் திறந்து பார்த்து நான் ஒரு வரி எழுதுவேன். பாதி வேதியியல், பாதி உன் நக்கல். "உன்ர விடையைப் பாத்து என்ர கணினிக்கே காய்ச்சல் வந்திட்டுது" என்று ஒருநாள் எழுதியிருந்தாய்.

நகையையும் காணி உறுதிப் பத்திரத்தையும் மற்றவர் வீட்டில் கொடுத்து வைக்கும் காலம் அது. எழுதியதையும் அப்படியே வைப்போம் என்றாய். "ஒரு வீட்டில ஷெல் விழுந்தாலும் மற்ற வீட்டில இருக்குமடி." என்னுடையவற்றின் பிரதிகள் உன் கணினியில், உன்னுடையவை என்னிடம். கரண்ட் எப்போது நிற்கும் என்று தெரியாது, ஆகவே ஒவ்வொரு வரி முடிந்ததும் அது தானாகவே மதிலைத் தாண்டிப் போகும்படி எழுதுமென்பொருளில் அமைத்தோம்.

ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில் நீ பள்ளிக்கூடக் கொப்பி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாய். அங்கே வெடித்தது. உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் உன் அப்பாவும் அம்மாவும் கணினியையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. வயரை யாரும் கழற்றவில்லை.

இது ஏன் இழுபடுகிறது என்று நான் பார்க்காத இடமில்லை. நினைவகம் போதாதோ என்று மற்ற எல்லாவற்றையும் மூடினேன். எழுத்துருவை மாற்றினேன். பெரிய கோப்புகளை அழித்தேன். எதுவும் சரிவரவில்லை. சற்று முன், திரை உறைந்து நின்றபோது, ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கணினிக்குப் பாரமான வேலை ஒன்றுமே இல்லை. அது சும்மா இருந்தது. காத்துக்கொண்டிருந்தது.

"பிழை பெட்டிக்குள்ளதான் இருக்குமெண்டு நினைக்காத, வயரையும் பார்" என்பாய். பார்த்தேன். நான் முடிக்கும் ஒவ்வொரு வரியையும் அது உன் வீட்டுக்குக் கொண்டுபோய், யாரும் இல்லாத அறையில் கூப்பிட்டு, பதில் வருமா என்று காத்து நின்று, பிறகுதான் திரும்பி வந்திருக்கிறது. இத்தனை நாளும்.

அமைப்புக் கோப்பில் உன் கணினியின் பெயர் இருந்த வரியைக் கண்டேன். அழிக்கக் கை வரவில்லை. "அழிச்சுப்போடாத, முன்னால ஒரு வேலி கட்டு" என்று நீ சொல்லும் அந்த # குறியை வரியின் தலையில் வைத்தேன். வரி அங்கேயேதான் இருக்கிறது, கணினி அதை வாசிக்காமல் கடந்து போகும்.

இப்போது விரல் பட்டதும் எழுத்து வருகிறது. விரைவாக எழுதி வெளிச்சத்தை நூர்த்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் என் கை தானாகவே மடிக்குப் போய்விடுகிறது.

உன் பிரதிகள் இருக்கும் கோப்புறையையும் இன்றுதான் திறந்தேன். இவ்வளவு நாளும் பயமாக இருந்தது. கடைசிக் கோப்பு அந்தக் காலையில் வந்தது. அதன் கடைசி வரி: "அது கிடக்கட்டும், ராத்திரி நான் ஒண்டு யோசிச்சனான், கேள்."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வரி முடிந்தால்தான் அது மதிலைத் தாண்டி வரும். நீ அடுத்ததைத் தொடங்கினாயா, தொடங்கிப் பாதியில் எழுந்து போனாயா, எனக்குத் தெரியாது.

நாளைக்கு அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்து, தோப்பூரிலிருக்கும் சித்தியிடம் கொடுத்துவிடப் போகிறேன். உன்னுடையது இன்னொரு வீட்டில் இருக்கவேண்டும் அல்லவா. இந்த மடலையும் அதற்குள்தான் வைக்கிறேன், உன் கோப்புகளுக்குப் பக்கத்தில், தனியாக. உன் கடைசி வரிக்குக் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. அந்த இடம் உன்னுடையது.