தம்பி இறந்த அன்று பார்த்த கோட்டை

மகனுக்கு,

உன் சித்தப்பா இறந்ததை இரண்டு நாள் என்னிடம் மறைத்துவிட்டாய்.

நான் பார்க்க ஆசைப்பட்ட அந்த மணல்தீவின் கோட்டை வாசலிலேயே உனக்குப் போன் வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் கலங்கரை விளக்கம்வரை காரை ஓட்டினாய். "கொஞ்சம் சிரிங்கப்பா," என்று படம் பிடித்தாய். சிரித்தேன்.

ஊர் திரும்பி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. உன் சித்தி கதவைப் பாதி திறந்து, "ஊர் சுத்திப் பாத்தாச்சா மாமா?" என்றாள்.

என் ஆசை கெடக்கூடாதென்று மறைத்தாயாம். ஆசை என்னுடையது. தம்பியும் என்னுடையவன்தான்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை வரவில்லை.

சொந்தக்காரர்களுக்கு உன் மனைவி அனுப்பிய, நான் சிரிக்கும் அந்தப் படத்தை அவளே அழிக்க வேண்டும். மறைத்தது நீதான் என்று சித்தியிடம் நேரில் போய் நீ சொல்ல வேண்டும். நான் தெருமுனையில் நிற்பேன். உள்ளே கூப்பிட வேண்டியவள் அவள்.

அப்பா